ஆத்துமா அவ பொறுப்பு

ஜன்னல் பக்கத்தை எனக்குத் தாங்க தம்பி. தப்பா நினைக்காதீங்க, காலை வெயில் கொஞ்சம் மேல படணும். வைட்டமின் டி குறைச்சல்னு போன டெஸ்டுல வந்திருக்கு. மத்ததெல்லாம் நார்மல். கொழுப்பு நார்மல், கிட்னி நார்மல், சர்க்கரை உண்டு, ஆனா கைக்குள்ள வச்சிருக்கேன். ஈசிஜி எடுத்த பையன், "சார், இது காலேஜ் படிக்கிறவன் ஈசிஜி மாதிரி இருக்கு"ன்னான். கடலை மிட்டாயா? வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. உங்க வயசுல நானும் இப்படித்தான் தெரியாம தின்னுக்கிட்டு இருந்தேன்.

திசையன்விளைக்குப் போறீங்களா? நான் அதுக்கு முன்னால, இட்டமொழி தாண்டி ரோடு பிரியுற ஒரு விலக்குல இறங்கணும். என் வீட்டுக்காரி அங்க இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளோன்னு நினைக்காதீங்க. கோவமெல்லாம் கிடையாது. கோவப்பட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவன் தம்பி. கரண்டு போன ஊர்ல போய் நின்னு ஜனங்க பேசுற பேச்சையெல்லாம் கேட்டவன். கோவத்துக்கு மருந்து எனக்குத் தெரியும். இவ சிரிச்சிக்கிட்டுல்லா போனா. அதுக்கு என்ன பண்ணணும்னுதான் தெரியல.

விஷயத்தைச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. பாளையங்கோட்டையில வீடு. எங்க கோயில்ல வருஷப்பிறப்பு ஆராதனை முடிஞ்சதும் ஒரு தட்டுல சின்னச் சின்ன அட்டையா வச்சிருப்பாவ. அட்டைக்கு ஒரு வசனம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடணும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தர்ற வாக்குத்தத்தம் அதுதான். எனக்கு எப்பவுமே பொறுமையா இரு, தாழ்மையா இருன்னுதான் வரும். யாருக்கோ வரவேண்டியது கை மாறி வந்துட்டுன்னு நானும் பெருசா எடுத்துக்கிடுறதில்ல. இந்த வருஷம் வந்தது பாருங்க, அதுதான் வசனம். ஆத்துமா நல்லா இருக்கிற மாதிரியே உடம்பும் மத்ததெல்லாமும் நல்லா இருக்கணும்னு அர்த்தம் வரும். ஐயரும் அன்னைக்கு அதை வச்சே பிரசங்கம் பண்ணினாவ. ஐயர்னா எங்கள்ல பாதிரியாரு. ஆத்துமா, சரீரம், சம்பத்து, மூணையும் விசுவாசி கவனிக்கணும், ஒண்ணைப் பட்டினி போட்டு ஒண்ணை வளக்கக் கூடாதுன்னு சொன்னாவ.

கோயில்ல இருந்த மத்தவங்களுக்கு அது பிரசங்கம். எனக்கு அது த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன். மூணு ஃபேஸ்லயும் லோடு சமமா இருக்கணும், இல்லன்னா எங்கயாவது புகையும். நான் வாழ்நாள் பூரா பண்ணின வேலையே அதுதானே.

வீட்டுக்கு வந்ததும் ஜெயசீலியைக் கூப்பிட்டேன். ஜெயசீலிதான் என் வீட்டுக்காரி. "பாரு, சரீரம் என் பொறுப்பு. சம்பத்தும் என் பொறுப்பு. ஆத்துமா உன் பொறுப்பு"ன்னேன். ரெண்டை நான் எடுத்துக்கிட்டு ஒண்ணைத்தான் அவளுக்குக் கொடுத்தேன், கவனிச்சீங்களா.

அவ தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே, "உங்க ஆத்துமாவும் சேத்தா?"ன்னு கேட்டா.

"எல்லாம் சேத்துத்தான்"னேன். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு போதும்லா தம்பி, ஆளுக்கு ஒண்ணா வாங்குதோம்?

அவளும் அதுக்குத் தோதான ஆளுதான், குறை சொல்லக் கூடாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து விடியுமுன்னே எந்திச்சு ஜெபம் பண்ணுறவ. வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஒரு பாய், ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல வேதப்புத்தகம். அங்க உக்காந்து பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேசுற மாதிரி பேசிக்கிட்டு இருப்பா. எனக்காக, மகளுக்காக, பால்காரன் மாட்டுக்காகக்கூடக் கேப்பா. வியாழக்கிழமை மத்தியானம் இன்னும் கொஞ்சம் பொம்பளைங்க வருவாவ. தையல் கடை வச்சிருக்கிற சுகந்தின்னு ஒருத்தி, மீன் விக்கிறவ ஒருத்தி, அப்படி. இவங்களுக்கெல்லாம் தலைமை ரெஞ்சிதம் டீச்சர். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ, கல்யாணம் பண்ணிக்கிடல. ஏன் பண்ணிக்கிடலன்னு ஒரு தரம் அவகிட்டப் பேசிப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிரும்.

நான் என் பொறுப்புல இறங்கினேன். பாதியில நின்ன மாடி வேலையை முடிச்சு ஒரு பேங்க் மேனேஜருக்கு வாடகைக்கு விட்டேன். சம்பத்து முடிஞ்சது. சரீரத்துக்குக் காலையில நடை, வரகு, சாமை, முட்டையில வெள்ளைக் கரு மட்டும். ஒரு ட்ரெட்மில்லும் வாங்கினேன், மழை நாள்ல நடைக்குப் பங்கம் வரக்கூடாதுல்லா. வாங்கின பிறகுதான் எங்க வைக்கிறதுன்னு பிரச்சினை. அந்தப் பின்பக்கத்து அறைதான் சரியா இருந்தது. காத்தோட்டம், வெளிச்சம், பிளக் பாயிண்ட், எல்லாம் இருக்கு. வசனமே சொல்லுது, சரீரம்ங்கிறது ஆலயம்னு. ஆலயத்தைக் கட்டுறதுக்கு ஒரு அறை கேட்டா தப்பா?

"இதை இங்க வச்சிக்கிடுதேன்"னேன்.

"சரி"ன்னா.

பாருங்க, சரின்னுதான் சொன்னா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்லா. பாயைச் சுருட்டிக்கிட்டு அடுக்களைக்குப் பின்னால துணி துவைக்கிற இடத்துக்குப் போயிட்டா. அங்க இன்னும் நல்ல காத்து. நான்தான் அவளுக்கு அதை எடுத்துச் சொன்னேன்.

அடுத்தாப்ல இந்த வியாழக்கிழமைக் கூட்டம். மாடியில மேனேஜர் வீட்டம்மா மத்தியானம் தூங்குவாவ. இங்க கீழ பாட்டு, அழுகை, மூக்குச் சிந்துறது. வாசல்ல தேஞ்சுபோன செருப்பா கிடக்கு. நல்ல குடித்தனக்காரங்க கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. ரெஞ்சிதம் டீச்சரைத் தனியாக் கூப்பிட்டு, வேற இடம் பாத்துக்கிடுங்கன்னு பக்குவமாச் சொன்னேன்.

"ஜெபத்துச் சத்தம் மாடிக்கு ஆகாது, உங்க மெஷின் சத்தம் ஆகுமா தங்கையா?"ன்னு கேட்டா.

"அது ஆரோக்கியமான சத்தம் டீச்சர்"னேன். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் சுகந்தியோட தையல் கடையில, மெஷினுக்கு நடுவுல உக்காந்து ஜெபம் பண்ணினாவளாம். ஜெயசீலியும் அங்க போக ஆரம்பிச்சா. நான் தடுக்கல. அந்த டிபார்ட்மெண்ட்ல நான் தலையிடுறதே கிடையாது.

இப்படி மூணும் சமமா ஓடிக்கிட்டு இருக்கும்போது லெந்து நாள் வந்தது. ஈஸ்டருக்கு முந்தி நாங்க நோன்பு இருக்கிற காலம். ஜெயசீலி காலையிலயும் மத்தியானமும் ஒண்ணும் சாப்பிட மாட்டா. நானும் உபவாசம்தான், பதினாறு மணி நேரம். என்னுது டாக்டர்மாரு சொல்லுற உபவாசம், அதுக்கு போன்ல ஆப்பு இருக்கு. முடிஞ்சதும் அதுவே மணி அடிக்கும். அவ பட்டினி கிடந்துக்கிட்டே எனக்கு மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியா ராகி அடையும் கீரையும் கொண்டுவந்து வைப்பா. அதுல அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்த நாள்ல கொஞ்சம் வெளுத்திருந்தா. பாக்க நல்லாத்தான் இருந்தது. நானே சொன்னேன், "ஜெபத்துல உன் முகம் பிரகாசிக்குது ஜெயசீலி"ன்னு.  மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்குவா. படி ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்காது? "என்கூட நடக்க வா, எல்லாம் சரியாயிரும்"னு கூப்பிட்டேன். அடுக்களை வேலையை முடிச்சிட்டு வாரேன்னா. அடுக்களை வேலை என்னைக்குத் தம்பி முடிஞ்சிருக்கு? உடம்பு விஷயத்துல அவளுக்கு அக்கறையே கிடையாது. அதுதான் அவகிட்ட உள்ள குறை.

ஒரு ஞாயித்துக்கிழமை. நற்கருணை ஆராதனை. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். நான் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். பொம்பளைங்க பக்கம் எல்லாரும் எந்திச்சுப் போறாவ, ஜெயசீலி மட்டும் பீடத்துக்கு முன்னால உள்ள தடுப்புக் கம்பியில தலையைச் சாய்ச்சபடி இருக்கா. பரவாயில்ல, நம்ம வீட்டு ஆத்துமா நல்ல உயரத்துக்குப் போயிட்டுன்னு நினைச்சேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாவே இருந்தது. பக்கத்துல இருந்தவர்கிட்டகூடக் கண்ணைக் காட்டினேன்.

அப்புறம்தான் அவ சரிஞ்சு விழுந்தா.

ரெஞ்சிதம் டீச்சர், "தங்கையா, இங்க வாரும்"னு ஒரு சத்தம் போட்டா. அத்தனை பேர் முன்னால, பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிடுற மாதிரி.

ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு, ஆனா முகத்துல ஒரு தாட்சண்யம் கிடையாது. "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டாவ. எனக்கு அந்தக் கஷ்டத்துலயும் ஒரு திருப்தி. வேற யாராயிருந்தாலும் முழிச்சிருப்பான். நான் வீட்டுக்கு ஓடிப்போய் ஃபைலைக் கொண்டுவந்து வச்சேன். வருஷவாரியா, கலர் கலரா சீட்டு ஒட்டி, அவ்வளவு சுத்தமா வச்சிருப்பேன்.

அவங்க ரெண்டு பக்கம் புரட்டிட்டு, "இது உங்களுது"ன்னாவ.

"ஆமா."

"அவங்களுது?"

அப்பத்தான் எனக்கே உறைச்சது, அவ ஒரு டெஸ்டுகூட எடுத்துக்கிட்டதில்லன்னு. எவ்வளவு அஜாக்கிரதை பாருங்க. லேபு நம்ம தெரு முனையிலதான் இருக்கு. நான் மாசா மாசம் போய் வாரேன். ஒரு நாளாவது நானும் வாரேன்னு சொல்லக்கூடாதா?

டாக்டரம்மா ஃபைலை என் பக்கம் தள்ளி, "உங்க ரத்தம் பிரமாதமா இருக்கு சார். அவங்க உடம்புலதான் ரத்தமே இல்ல"ன்னாவ. அப்புறம் ஒண்ணு கேட்டாவ. பொம்பளைங்க சமாச்சாரம், உங்ககிட்ட எப்படிச் சொல்லுறது. இந்த ரத்தப்போக்கு எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாவ. நான் ஜெயசீலியைப் பாத்தேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. ரெஞ்சிதம் டீச்சர்தான் பதில் சொன்னா. "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வான்னு நாங்க கூப்பிடாத நாள் இல்ல. வீட்ல ஆள் இல்லாம எப்படி வர, அவுக சாப்பாடு நேரம் தவறிருமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

எனக்கு எவ்வளவு அவமானம், நினைச்சுப் பாருங்க தம்பி. என் வீட்டு விஷயம். எனக்குத் தெரியாம ஒரு தையல் கடை பூராவுக்கும் தெரிஞ்சிருக்கு.

ரத்தம் ஏத்தணும்னாவ. நான் முதல் ஆளா சட்டைக் கையைச் சுருட்டினேன். என் உடம்புல இருக்கிறது சாதாரண ரத்தமா? நான் சாப்பிடுற மாத்திரையெல்லாம் என்னென்னன்னு கேட்டுட்டு, வேண்டாம்னுட்டாவ. ரத்தத்தை இளக்குற மாத்திரை ஒண்ணு இருக்கு, அதனால ஆகாதாம். கடைசியில யார் கொடுத்தா தெரியுமா? சுகந்தி. டீயும் பன்னும் சாப்பிடுற உடம்பு. அவ ரத்தம் என் வீட்டுக்காரி மேல ஏறுது, நான் ஓரமா ஸ்டூல்ல ஃபைலை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். மீன்காரியும் கொடுத்தா. வரிசையா நிக்காவ, வாசல்ல செருப்புக் கிடக்கக் கூடாதுன்னு நான் சொல்லி அனுப்பினவங்க. ஒருத்தியும் என்னைக் குத்திக்காட்டல. அதுதான் எனக்குப் பிடிக்கல. ரெண்டு வார்த்தை பேசியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

அப்புறம் கர்ப்பப்பையை எடுக்கணும்னாவ. ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீட்டுக்கு வந்தா. நான் ஒரு திட்டம் போட்டேன். இரும்புச் சத்துக்கு என்ன, புரதத்துக்கு என்ன, எத்தனை மணிக்கு எதுன்னு சுவர்ல எழுதி ஒட்டினேன். ஜெயசீலி கட்டில்ல சாய்ஞ்சு இருந்தபடி அதை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிச்சா. வாசிச்சிட்டு, "இதை யார் சமைக்கிறது?"ன்னு கேட்டா.

நியாயமான கேள்விதான். அதை நான் யோசிக்கல.

அப்பத்தான் சொன்னா. சத்தம் போட்டுச் சொல்லல, அழுகல, ஒண்ணும் இல்ல. "இங்க பாருங்க. இனிமே என் உடம்பை நான் பாத்துக்கிடுதேன். உங்க ஆத்துமாவை நீங்க பாத்துக்கிடுங்க."

எனக்கு முதல்ல விளங்கல. "அப்போ எனக்காக ஜெபம் பண்ணுறது யாரு?"ன்னேன்.

"நீங்க இருக்கீங்கல்லா"ன்னா.

"நீ எனக்காகக் கேக்கவே மாட்டியா?"

"கொஞ்ச நாளைக்கு மாட்டேன். உங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்திருக்கும்"னு சொல்லிட்டுச் சிரிச்சா. ஆபரேஷன் தையல்ல கையை வச்சிக்கிட்டுச் சிரிக்கா. நம்ம ஆத்துமாவை வழியில இறக்கி விட்டுட்டு ஒருத்தி சிரிச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வாரமே ரெஞ்சிதம் டீச்சரோட கிளம்பிட்டா. டீச்சருக்கு இங்க செம்மண் தேரிக்காட்டுப் பக்கம் அப்பா காலத்து வீடு ஒண்ணு இருக்கு. நல்ல காத்து, நல்ல தண்ணி, ரெண்டு மாசம் இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு வருவோம்னு டீச்சர் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பெங்களூர்ல இருக்கிற மகளுக்கு போன் போட்டு அம்மாகிட்ட நீயாவது சொல்லுட்டின்னேன். "நீங்க தோசை சுடப் படிச்சுக்கிடுங்கப்பா"ன்னு சொல்லி வச்சிட்டா. அவளைப் படிக்க வச்சதே நான்தான்.

நான் ஐயர்கிட்டப் போனேன். மூலகாரணம் அவங்க பிரசங்கம்தானே. எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன், மூணு பொறுப்பு, யார் யாருக்கு எது, அவ பாதியில விட்டுட்டுப் போனது, எல்லாம். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டாவ. கேட்டு முடிச்சிட்டு, "தங்கையா, நான் மூணும் ஒரே ஆளுக்குன்னுலா சொன்னேன்"னாவ.

"அதை அன்னைக்கே தெளிவாச் சொல்லியிருக்கணும் ஐயா"ன்னேன். நான் விடல.

அவங்க பதிலுக்கு என்ன பண்ணினாவ தெரியுமா? அந்த வாரத்து வீட்டு ஜெபக்கூட்டத்தை என் வீட்ல வச்சிட்டாவ. நாற்காலியெல்லாம் போட்டு, வந்தவங்களுக்குச் சர்க்கரை போடாத சுக்குக் காப்பியும் கொடுத்தேன். பாட்டு முடிஞ்சது. "வீட்டுத் தலைவர் ஜெபத்தோட ஆரம்பிப்பார்"னுட்டு ஐயர் கண்ணை மூடிட்டாவ. எல்லாரும் மூடிட்டாவ. நான் மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்கேன். எனக்கு மேடை புதுசில்ல தம்பி, யூனியன் மீட்டிங்ல மைக்கைப் பிடிச்சா விட மாட்டேன். ஆனா அன்னைக்கு வாய்ல ஒண்ணும் வரல. எப்படியாவது ஆரம்பிக்கணும்னு ஆரம்பிச்சேன். "அன்புள்ள ஆண்டவருக்கு, இங்கு நாங்கள் நலம். அதுபோல் தாங்களும்" வரைக்கும் போயிட்டு நிறுத்திட்டேன். ஐயரோட வீட்டம்மாவுக்கு இருமல் வந்துட்டு. எனக்குப் பின்னால ஒருத்தர் நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டுக் குலுங்குதார். ஐயர்தான், "ஆமென். அடுத்து வேதவாசிப்பு"ன்னு காப்பாத்தினாவ.

சிரிங்க, பரவாயில்ல. நடந்ததைத்தானே சொல்லுதேன்.

அதுக்கப்புறம் எனக்கு வைராக்கியம் வந்துட்டு. வரகு சாப்பிடப் பழகினவனுக்கு இது பழக முடியாதா? தினமும் காலையில அந்தப் பின்பக்கத்து அறையில ட்ரெட்மில்ல நடந்துக்கிட்டே ஜெபம் பண்ணலாம்னு பாத்தேன். ஒரே நேரத்துல ரெண்டு ஃபேஸ். தெரிஞ்ச ஜெபத்தைச் சொன்னேன், வேர்க்கிறதுக்குள்ள முடிஞ்சிட்டு. அதுக்கு மேல என்ன சொல்ல? அப்புறம் ஜெயசீலியைப் பத்திப் புகார் சொல்ல ஆரம்பிச்சேன். அது நல்லா வந்தது. விட்டுட்டுப் போயிட்டா, பொறுப்பைத் தட்டிக் கழிச்சிட்டா, போன் பண்ணினா சிரிக்கா, ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். ஆனா மெஷின் சத்தத்துல நான் பேசுறது எனக்கே கேக்கல. நிறுத்தினேன்.

நிறுத்தினதும் வீடு அவ்வளவு அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. மாடியில மேனேஜர் வீட்டுக் குழாய்ல தண்ணி சொட்டுறது கேக்குது. அப்படியே அந்த பெல்ட் மேலயே உக்காந்துட்டேன். சரி, புகார் போதும், அவளுக்காக ஏதாவது கேப்போம், அவ நமக்காக எவ்வளவு நாள் கேட்டிருக்கான்னு தோணிச்சு. "ஆண்டவரே, ஜெயசீலிக்கு"ன்னு ஆரம்பிச்சேன்.

அதுக்கு மேல போகல. அவளுக்கு என்ன வேணும்? யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல. எனக்கு என்ன வேணும்னு கேளுங்க, ராகி அடையில எவ்வளவு உப்புன்னு வரைக்கும் சொல்லுவேன். அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பயம், எதை நினைச்சு அந்தப் பாயில உக்காந்து மூக்கைச் சிந்தினா, ஒண்ணும் தெரியல. மறுநாளும் உக்காந்தேன். அதே இடத்துல நிக்குது. "ஜெயசீலிக்கு", அதோட சரி. தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்? இத்தனை வருஷம் கூட இருந்துட்டு அதைச் சொல்லாமலே போயிருக்கா. இது யார் தப்பு, சொல்லுங்க.

ஈஸ்டருக்கு வருவான்னு பாத்தேன். விடியக்காலை ஆராதனைக்கு எல்லாரும் குடும்பம் குடும்பமா மெழுகுவர்த்தி பிடிச்சிக்கிட்டு நிக்காவ. நான் ஒத்தை ஆளா ஒரு மெழுகுவர்த்தி. அவ வரல. அங்க இருக்கிற சின்னக் கோயிலுக்குப் போனேன்னு போன்ல சொன்னா. "உனக்கு என்னதாம்ட்டி வேணும், சொல்லித் தொலை"ன்னேன். சண்டைக்குக் கேக்கல, ஜெபத்துக்குத்தான் கேட்டேன். ஆனா கேட்ட விதம் அப்படி ஆயிட்டு.  அவ, "அதை போன்ல கேக்குதீங்களா?"ன்னா. சிரிக்காமத்தான் சொன்னா.

அதனாலதான் இப்போ, வாரேன்னு போன்ல சொல்லிட்டு நேர்ல போறேன். கூட்டிக்கிட்டு வரப்போறேன்னு ரெஞ்சிதம் டீச்சர் நினைச்சிக்கிட்டு இருப்பா. அவ நினைக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. என்ன வேணும்னு கேட்டு வாங்கிட்டேன்னா, அதுக்கப்புறம் ஜெபத்தை நான் பாத்துக்கிடுவேன். மத்த ரெண்டும் ஏற்கெனவே என் கையில இருக்கு. மூணையும் ஒரே ஆளு பாத்தாலும் பாக்கலாம், ஐயர் சொன்னதுல தப்பில்ல. இந்தப் பையில அவளுக்குத்தான் புரதப் பவுடர், டானிக்கு, பேரீச்சம்பழம், எல்லாம் வாங்கியிருக்கேன். வழியெல்லாம் எப்படிக் கேக்கலாம்னு சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வாரேன். "ஜெயசீலி, உனக்கு என்ன வேணும்?" ஆபீஸ்ல மனு வாங்குற மாதிரி இருக்கோ? "உனக்கு ஏதாவது வேணுமா?" இது கடைக்குப் போகும்போது கேக்கிற மாதிரி இருக்கு. நீங்க கல்யாணம் ஆனவரா? ஆகலயா. அப்போ உங்களைக் கேட்டுப் பிரயோஜனமில்ல.

இட்டமொழி தாண்டியாச்சா? பேச்சுல கவனிக்கல. கண்டக்டர் சார், அடுத்த விலக்கு இறங்கணும்.

அந்தா, அந்த வேப்பமரம். அதுக்குக் கீழ பொம்பளைங்க நிக்காவல்லா, அதுல குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறதுதான் ரெஞ்சிதம் டீச்சர். டீச்சரும் வந்திருக்கா, பாருங்க. ஜெயசீலியைக் காணோமே. வெயில்ல நிக்கக் கூடாதுன்னு வீட்ல விட்டுட்டு வந்திருப்பாளோ.

இல்ல. இருங்க. அந்தப் பச்சைச் சேலை. நுங்குக்காரன் பக்கத்துல. நல்லா உடம்பு வச்சிருக்கா, அதான் தெரியல. கன்னமெல்லாம் எப்படி ஆயிட்டு பாத்தீங்களா. பெருவிரலை விட்டு நுங்கை நோண்டித் தின்னுக்கிட்டு, நடு ரோட்டுல, சின்னப் பிள்ளை மாதிரி. கை வழியா வழியுது, அதைப் பத்தி ஒண்ணும் இல்ல. பக்கத்துல இருக்கிறவ ஏதோ சொல்லுதா, அதுக்கு எப்படிச் சிரிக்கா பாருங்க. பஸ்ஸைப் பாத்துட்டா. கையைத் தூக்குதா.

என்ன வேணும்னு கேக்கத்தான் தம்பி இவ்வளவு தூரம் வந்தேன். பாத்தா அவளுக்கு ஒண்ணும் வேண்டாம் போலல்லா இருக்கு.

சரி. விசில் ஊதிருவான். கொஞ்சம் காலை மடக்குங்க, இறங்கிக்கிடுதேன்.